சிறுவர் ஏறிய மேடை

கலை பயில்வோர் தாம் கற்றதை முதன்முறையாக அவையோர் முன் நிகழ்த்திக் காட்டுவதை ‘அரங்கேற்றம்’ என்பது தமிழ் மரபு. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே ‘அரங்கேற்று காதை’ என்னும் பெயர் பெற்றுள்ளது. மாதவி தன் ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். தலைக்கோல் என்னும் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அவளுக்குப் பரிசாகக் கிடைத்தன. இக்காதையில் வியப்பூட்டும் செய்தி வேறொன்று. மாதவியின் திறத்தைச் சொல்வதற்கு முன்பே, அவளை உருவாக்கிய ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளையும் இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றுக்கும் அளவு சொல்கிறார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு நாழிகை ஆடுவதற்குப் பின்னே இத்தனை பேருடைய உழைப்பு இருந்தது.

தமிழகத்திலிருந்து நெடுந்தொலைவில் உள்ள புணே நகரிலும் ஆண்டுதோறும் சிறுவர் மேடையேறுகின்றனர். இந்நகரின் பழைய பேட்டைகளின் தெருக்களில் மாலை வேளையில் நடப்போர், மாடி அறைகளிலிருந்து தபலாவின் ஒலியும் சுரப் பயிற்சியின் ஒலியும் கலந்து வரக் கேட்கலாம். இசைப் பள்ளிகளில் குரு பூர்ணிமை நாளையொட்டியும் பருவ இறுதியிலும் மாணவர் நிகழ்ச்சிகள் நடைபெறும். அந்நாளில் பெற்றோரும் உற்றாரும் பாய் விரித்த கூடத்தில் அமர்ந்திருப்பர். இளையோர் முதலில் குழுவாகப் பாடுவர். பின்னர்ச் சற்று முதிர்ந்த மாணவர் ஒவ்வொருவராக மேடையேறுவர். இறுதியில் ஆசிரியரோ மூத்த மாணவரோ பாடுவார்.

மேடையின் நடுவே தம்புரா இருக்கும். அது பெரும்பாலும் மகாராஷ்டிரத்தின் தென்பகுதியில் உள்ள மீரஜ் என்னும் ஊரில் செய்யப்பட்டதாக இருக்கும். பெரிய சுரைக்குடுக்கையைக் காயவைத்து, அதன்மேல் மரத்தண்டு பொருத்தித் தம்புராவும் சிதாரும் செய்யும் கைவினைஞர் அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். தம்புராவின் நான்கு தந்திகளும் சுருதியைத் தாங்கி நிற்கும். பாடும் குழந்தையின் குரல் அச்சத்தால் தடுமாறினாலும் தம்புரா தடுமாறாது. குழந்தை மீண்டு வந்து சேர்வதற்கு அதுவே கரை. சிறுவர்க்கு ஆர்மோனியம் எளிது என்று கருதுவோர் உளர். ஆயினும் அது குரலுக்கு நல்ல துணையன்று என்பாரும் உளர். அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களில் ஒலிக்கவே விடவில்லை என்றால், இவ்வழக்கு எத்துணை வலிமையுடன் நடந்தது என்பது விளங்கும்.

தமிழ் வீடுகளில் பிறந்து புணேயில் வளரும் குழந்தைகளுக்கு இந்த மேடை முற்றிலும் அயலானது அன்று. பள்ளியில் ‘பூப்’ என்று சொல்லித்தரப்படும் இராகம், வீட்டில் தாயோ பாட்டியோ பாடும் மோகனமே ஆகும். ‘யமன்’ என்பது கல்யாணியை ஒத்தது. ‘துர்கா’ என்பது சுத்த சாவேரி. ‘மால்கௌன்ஸ்’ என்பது இந்தோளம். கருநாடக இசை பயிலும் குழந்தை மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடித் தொடங்குகிறது. அதே சுரங்களை உடைய இந்துஸ்தானி இராகத்திற்குப் ‘பைரவ்’ என்று பெயர். சுரங்கள் ஒன்றாக இருப்பினும் அவற்றை அசைக்கும் முறை வேறு. தெற்கே ஒரு சுரம் கமகத்தோடு ஆடி நிற்கும். வடக்கே அச்சுரம் பெரும்பாலும் நீண்டு, நேராக நின்று, அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும். எனவே மோகனம் அறிந்த குழந்தைக்குப் பூப் எளிதாக வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. பாதை தெரிந்ததே, நடைதான் புதிது.

தாளமும் அத்தகையதே. ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர்த் தட்டும் வீச்சும் இரு முறை. வடக்கின் தீன்தாளத்திற்குப் பதினாறு மாத்திரை. அதில் ஒன்பதாம் மாத்திரையில் கை தட்டாமல் வெறுமனே விலகும். அதனைக் ‘காலி’ என்பர். இந்தி அறிந்த குழந்தைகளுக்கு அச்சொல்லின் பொருள் தெரியும். எங்கே தட்டவேண்டும் என்பதோடு, எங்கே தட்டாமல் இருக்கவேண்டும் என்பதையும் தாளம் கற்பிக்கிறது.

இவ்வாறு யார் வீட்டுப் பிள்ளையும் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, இசை கற்று, மேடையேறும் வழக்கம் மிகப் பழையதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இசை கற்க விரும்பிய சிறுவன் ஒரு குருவின் வீட்டை அடைந்து, நீர் சுமந்து, ஏவல் செய்து, அவர் மனம் இரங்கும் நாளுக்காகக் காத்திருக்கவேண்டும். சில குருமார் தம் குடும்பத்துக்கு மட்டுமே உரிய பாடல்களைப் பிறர்க்குச் சொல்லித்தர மறுத்தனர். பெண்குழந்தைகளுக்கோ, மதிப்புடைய குடும்பங்கள் எனப்பட்டவற்றில், பாடுவதே விலக்காக இருந்தது.

இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் முந்தியது ஒன்று புணேயில் தோன்றியது. 1874ஆம் ஆண்டில் ‘பூனா காயன் சமாஜம்’ என்னும் அமைப்பு இங்கு நிறுவப்பட்டது. கற்றறிந்தோர் இசையை மதித்துப் போற்றவேண்டும், இளையோர்க்கு அது முறையாகக் கற்பிக்கப்படவேண்டும் என்பன அதன் நோக்கங்கள். 1883ஆம் ஆண்டில் அதன் கிளை ஒன்று சென்னையில் தொடங்கப்பட்டது. மியூசிக் அகாதெமி (1928), அண்ணாமலை நகரின் இசைக் கல்லூரி (1929), தமிழ் இசைச் சங்கம் (1943) ஆகியன தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, புணேயில் ஊன்றிய விதையொன்று சென்னையில் முளைத்திருந்தது என்பது இன்று பலரும் மறந்த செய்தி.

எனினும், இசைப் பள்ளி என்னும் கருத்தை நாடெங்கும் கொண்டு சென்றவர் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் ஆவார். அவர் 1872ஆம் ஆண்டில் குருந்த்வாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் பட்டாசு வெடித்ததில் அவருடைய கண்பார்வை பெரிதும் கெட்டது. ஏட்டுக்கல்வி தடைப்பட்டது. பின்னர் மீரஜில் பாலகிருஷ்ணபுவா இச்சல்கரஞ்சிகர் என்னும் பெரும்பாடகரிடம் இசை பயின்றார். அங்கு நிகழ்ந்த ஒன்றை அவர் வரலாற்றை எழுதியோர் தவறாமல் குறிப்பர். ஊரின் பெருமக்கள் கூடிய ஒரு விழாவிற்கு விஷ்ணுவுக்கு அழைப்பு வந்தது. அவருடைய குருவுக்கு வரவில்லை. காரணம், குரு ஒரு பாடகர். பாடகருக்குப் பெருமக்கள் வரிசையில் இடமில்லை என்பதே அன்றைய நடைமுறை. கேட்டு மகிழ்வதற்குப் பாட்டு வேண்டும். பக்கத்தில் அமர்வதற்குப் பாடகர் வேண்டா என்னும் அந்த எண்ணம் அவ்விளைஞரின் உள்ளத்தைச் சுட்டது.

1896ஆம் ஆண்டில் மீரஜை விட்டு நீங்கிய அவர், அரசவைகளை மட்டும் நம்பாமல், பொதுமக்கள் முன் பாடிப் பொருள் ஈட்டினார். 1901ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் இலாகூர் நகரில் ‘கந்தர்வ மகாவித்யாலயம்’ என்னும் இசைப் பள்ளியைத் தொடங்கினார். மன்னர் எவருடைய பொருளுதவியையும் அடிப்படையாகக் கொள்ளாமல், மக்களின் ஆதரவால் நடந்த பள்ளி அது. பாடத்திட்டம், பாடநூல், சுரக்குறிப்பு, வகுப்புகள், தேர்வுகள், பட்டமளிப்பு என்று பிற கல்விக்கூடங்களில் இருந்த ஒழுங்குகள் அனைத்தையும் அவர் இசைக்குள் கொண்டுவந்தார். இசையாசிரியர் ஆவதற்கென்றே சில மாணவர்களைப் பல்லாண்டுகள் தம்முடன் தங்கவைத்துப் பயிற்றினார். 1908ஆம் ஆண்டில் மும்பையிலும் பள்ளி தொடங்கினார். அதற்குக் கட்டடம் எழுப்பப் பெருங்கடன் பட்டார். கடனை அடைக்க இயலாமல், இறுதியில் அக்கட்டடம் ஏலத்தில் போயிற்று. 1931ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

கட்டடம் போயிற்றே தவிர, பள்ளி போகவில்லை. அவருடைய மாணவர்கள் அதே ஆண்டில் ஒன்றுகூடி அகில பாரதிய கந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தை நிறுவினர். இன்று நாட்டின் பல ஊர்களில் சிறுவர் எழுதும் இசைத் தேர்வுகளை நடத்துவது அம்மண்டலமே. பிராரம்பிக், பிரவேசிகா, மத்தியமா, விசாரத், அலங்கார் என்று அத்தேர்வுகள் படிப்படியாக உயரும். முதல் தேர்வுக்குச் சில இராகங்களும் சில தாளங்களும் போதும். விசாரத் நிலையை நிறைவு செய்ய ஏழு தேர்வுகளைக் கடக்கவேண்டும். ஆண்டுக்கு ஒன்றாக எழுதினால் ஏழாண்டுகள்! மாதவி பயின்ற ஆண்டுகளும் ஏழே என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

தேர்வு வைத்து இசையை அளக்கலாமா என்னும் கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. குருவின் அருகில் இருந்து ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுப் பெறவேண்டியதை வகுப்பறையில் நாற்பது நிமிடங்களில் தந்துவிட முடியாது என்பர் ஒரு சாரார். அவர் கூற்றில் உண்மை உண்டு. பெரும்பாடகர்களுள் பலர் குருவின் வீட்டில் வாழ்ந்து கற்றவர்களே. ஆனால் பள்ளிகளின் பயனை அரிய பாடகர்களின் தொகையைக் கொண்டு மட்டும் அளப்பது முறையன்று. இந்துஸ்தானி இசையுலகில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. அக்பர் அவையில் பாடிய தான்சேனைப் போன்றோரை உருவாக்க இயலாவிடினும், ‘கான்சேன்’களை உருவாக்கலாம் என்பர். ‘கான்’ என்றால் இந்தியில் காது. நன்றாகப் பாடுவோர் சிலராகவும், நன்றாகக் கேட்போர் பலராகவும் இருந்தால்தான் ஓர் ஊரில் இசை வாழும். புணே அத்தகைய ஊர். இங்கு இசை விழாவில் ஒரு பாடகர் ஒரு சுரத்தை எதிர்பாராத இடத்தில் வைத்தால், ஆயிரக்கணக்கானோர் ஒரே கணத்தில் தலையசைப்பர். அவர்களுள் பலர் சிறுவயதில் ஏதேனும் ஓர் இசைப் பள்ளியில் இரண்டு தேர்வேனும் எழுதியவராக இருப்பர்.

விஷ்ணு திகம்பரின் மாணவருள் ஒருவரான விநாயக்ராவ் பட்வர்தன் 1932ஆம் ஆண்டில் புணேயில் கந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். 1898இல் மீரஜில் பிறந்த இவர், மராத்தி இசை நாடக மேடையில் புகழ்பெற்று விளங்கியவர். புகழும் வருவாயும் தந்த நாடகத்தை விடுத்து, இசை கற்பிக்கும் பணியை ஏற்றார். மாணவர்க்கென ‘ராக விஞ்ஞான்’ என்னும் நூலை ஏழு பகுதிகளாக எழுதினார். அவரிடம் கற்ற விநயசந்திர மௌத்கல்யர் 1939இல் தில்லியிலும் ஓர் இசைப் பள்ளியை நிறுவினார்.

அக்காலத்தில் விநாயக்ராவிடம் ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். அவன் பெயர் தத்தாத்ரேயன். விஷ்ணு திகம்பரின் மகன். 1921ஆம் ஆண்டில் பிறந்தவன். தந்தை இறந்தபோது அவனுக்கு வயது பத்து. பெரும்புகழ் பெற்ற தந்தையின் பெயர் அவனுக்கு இருந்தது. அத்தந்தையிடம் முழுமையாகக் கற்கும் வாய்ப்பு இல்லாமற்போயிற்று. தந்தை யாருக்குக் கற்பித்தாரோ, அந்த மாணவரிடமே மகன் மாணவனாக அமர்ந்தான். பெயர் ஒரு சிறுவனுக்குத் துணையாகவும் இருக்கலாம், சுமையாகவும் இருக்கலாம். மேடையில் அவன் வாய் திறக்கும் முன்பே அவையினர் அவனுடைய தந்தையின் குரலை எதிர்பார்த்திருப்பர்.

1935ஆம் ஆண்டில் தத்தாத்ரேயன் பஞ்சாபின் சலந்தர் நகருக்குச் சென்றான். அங்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடக்கும் ஹர்வல்லப் இசை மாநாடு, வடநாட்டின் மிகப் பழைய இசை விழாக்களுள் ஒன்று. பெரும்பாடகர்களும் அஞ்சிப் பாடும் அந்த அவையில், பதினான்கு வயதுச் சிறுவன் பாடினான். அதன்பின் டி. வி. பலூஸ்கர் என்னும் பெயர் தந்தையின் நிழலில் அன்றித் தனித்தே அறியப்பட்டது. இனிமையும் தெளிவும் மிக்க அவருடைய குரலில் பதிவான பக்திப் பாடல்கள் இன்றும் மகாராஷ்டிர வீடுகளில் காலை வேளைகளில் ஒலிக்கின்றன. 1952இல் வெளிவந்த ‘பைஜு பாவ்ரா’ என்னும் இந்தித் திரைப்படத்தில் உஸ்தாத் அமீர் கானுடன் இணைந்து அவர் பாடிய போட்டிப் பாடல் நாடெங்கும் பரவியது. 1955ஆம் ஆண்டில், முப்பத்து நான்காம் வயதில், நோயுற்று மறைந்தார். அவர் பாடிய ஆண்டுகள் இருபதே. அந்த இருபதில் முதலாவது, சலந்தரின் குளிரில் ஒரு சிறுவன் மேடையேறிய ஆண்டு.

புணேயின் மற்றோர் இசைப் பள்ளி, உஸ்தாத் அப்துல் கரீம் கான் 1913ஆம் ஆண்டில் தொடங்கிய ஆரிய சங்கீத வித்யாலயம் ஆகும். வடநாட்டின் கிரானா என்னும் ஊரில் பிறந்த அவர், மீரஜைத் தம் ஊராக ஆக்கிக்கொண்டவர். மறைத்து வைக்காமல் மாணவர்க்குக் கற்பித்தவர் என்று போற்றப்படுபவர். மைசூர் அரசவைக்குப் பலமுறை சென்று பாடிய அவருக்குக் கருநாடக இசையில் பெரும் ஈடுபாடு இருந்தது. தியாகராசரின் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடிப் பதிவு செய்தார். தெற்கின் இராகங்களைத் தீண்டாமல் ஒதுக்கிய வடநாட்டு வித்துவான்கள் பலர் இருந்த காலத்தில், இது சிறிய செயலன்று.

அவருடைய மகள் ஹீராபாய் பரோதேகர் 1905இல் பிறந்தார். பெண்கள் பொது மேடையில் அமர்ந்து இராகம் பாடுவது மதிப்புக்குரியது அன்று என்று கருதிய காலத்தில், அவர் மேடையேறி, கட்டணம் செலுத்தி வந்த அவையினர் முன் அமைதியான தோற்றத்துடன் பாடினார். தென்னாட்டில் காஞ்சிபுரத்து டி. கே. பட்டம்மாள் சிறுமியாக மேடையேறி, பின்னர் ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட பல்லவியையும் பாடிக் காட்டியதற்கு இது ஒப்பாகும். ஹீராபாயிடமும் அவருடைய தமையன் சுரேஷ்பாபு மானேயிடமும் புணேயில் கற்றவர் பிரபா அத்ரே. 1932இல் இந்நகரில் பிறந்த இவர் அறிவியலும் சட்டமும் படித்துப் பட்டம் பெற்றவர். இன்று இசைப் பள்ளி நிகழ்ச்சிகளில் மேடையேறுவோருள் சிறுமியரே மிகுதி. அதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. வியப்பில்லாமற்போனதே பெரிய மாற்றம்.

பள்ளி, தேர்வு, பருவ இறுதி நிகழ்ச்சி என்னும் இவ்வொழுங்குக்கு வெளியே ஓடிய ஒரு சிறுவனும் இவ்வரலாற்றில் உண்டு. 1922இல் கருநாடகத்தின் கதக் நகரில் பிறந்த பீம்சென் ஜோஷி, அப்துல் கரீம் கானின் இசைத்தட்டு ஒன்றைக் கடையில் கேட்டு மனம் பறிகொடுத்தார். பதினொன்றாம் வயதில் குருவைத் தேடி வீட்டை விட்டு வெளியேறினார். குவாலியர், தில்லி, கொல்கத்தா, இராம்பூர் என்று ஊர் ஊராக அலைந்து சலந்தரை அடைந்தார். அங்கே இசை மாநாட்டிற்கு வந்திருந்த விநாயக்ராவ் பட்வர்தன், “இத்தனை தொலைவு எதற்கு? உன் ஊருக்கு அருகிலேயே சவாய் கந்தர்வர் இருக்கிறாரே” என்னும் கருத்துப்பட அறிவுரை கூறி, அவரைத் திருப்பி அனுப்பினார். வேறோர் ஆசிரியராயின் திறமையுள்ள சிறுவனைத் தம் பள்ளிக்கே அழைத்துச் சென்றிருப்பார். (வீட்டில் சொல்லாமல் ஊரைவிட்டுச் செல்வது எக்காலத்திலும் பெற்றோருக்குப் பெருந்துயர் தருவதே. பீம்சென்னின் தந்தையும் மகனைத் தேடி அலைந்து, சலந்தரிலேதான் கண்டுபிடித்து அழைத்துவந்தார்.)

அப்துல் கரீம் கானின் மாணவரான சவாய் கந்தர்வரிடம் பீம்சென் பல்லாண்டு கற்றார். பத்தொன்பதாம் வயதில் முதல் கச்சேரி செய்தார். குரு 1952இல் மறைந்ததும், 1953ஆம் ஆண்டில் அவர் நினைவாகப் புணேயில் இசை விழாவைத் தொடங்கினார். ஆண்டுதோறும் திசம்பர் மாதத்தில் நடக்கும் அவ்விழா, இன்று ‘சவாய் கந்தர்வ பீம்சென் மகோத்சவம்’ எனக் குருவின் பெயரையும் மாணவரின் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. 1988ஆம் ஆண்டு விடுதலை நாளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நாட்டு ஒற்றுமைப் பாடலைத் தொடங்கி வைத்த குரல் பீம்சென்னுடையது. அப்பாடலின் தமிழ்ப் பகுதியைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. இவ்விருவரும் ஒரே மேடையில் அமர்ந்து ஒரே இராகத்தை இரு வழிகளிலும் பாடிய கச்சேரிகளும் உண்டு. ஒத்த சுரங்களும் வேறுபட்ட நடையும் எவ்வாறு ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கும் என்பதைக் காதால் அறிய விரும்பும் மாணவர், அப்பதிவுகளைக் கேட்கலாம்.

அப்துல் கரீம் கானின் இறுதிப் பயணம் தமிழ் மண்ணில் முடிந்தது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் பாடிவிட்டுப் புதுச்சேரிக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்தார். வழியில் நெஞ்சுவலி தோன்றியது. 27ஆம் நாள் இரவில், செங்கற்பட்டுக்கு அருகில் உள்ள சிங்கப்பெருமாள் கோயில் என்னும் சிறிய நிலையத்தில் இறங்கினார். நடைமேடையில் விரிப்பை விரிக்கச் செய்து, சுருதி கூட்டி, தர்பாரி இராகத்தில் இறைவனை நினைந்து பாடினார்; பாடியபின் அங்கேயே உயிர் நீத்தார். சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே மின்தொடர் வண்டிகள் இன்றும் அந்நிலையத்தில் நின்று செல்கின்றன.

அருஞ்சொற்பொருள்

காதை – கதை தழுவிய செய்யுட் பகுதி
கழஞ்சு – பொன்னை நிறுக்கும் பழைய எடை அளவு
தண்ணுமை – மத்தளம் போன்ற தோற்கருவி
கமகம் – சுரத்தை அசைத்து இசைக்கும் முறை
மாத்திரை – தாளத்தின் ஓர் எண்ணிக்கை
தமையன் – அண்ணன்

பயிற்சி

1. மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும் முன் இளங்கோவடிகள் ஆசிரியர்களைப் பற்றிக் கூறுவது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

2. விஷ்ணு திகம்பரின் குருவுக்கு விழா அழைப்பு வராததன் காரணம் யாது? அந்நிகழ்ச்சிக்கும் அவர் பின்னாளில் தொடங்கிய பள்ளிக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

3. பூப், மால்கௌன்ஸ், துர்கா, பைரவ் ஆகிய இராகங்களுக்கு இணையான கருநாடக இராகங்களின் பெயர்களை எழுதுக.

4. ‘கட்டடம் போயிற்றே தவிர, பள்ளி போகவில்லை’ – இத்தொடர் எதனைக் குறிக்கிறது?

5. தேர்வு வைத்து இசையை அளக்கலாம், அளத்தல் கூடாது என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.

6. உம் வீட்டில் பெரியோர் எவரேனும் சிறுவயதில் மேடையேறிய நிகழ்ச்சியைக் கேட்டறிந்து, தமிழில் ஒரு பக்க அளவில் எழுதுக.